ஹாலில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு டப்பா

போன வாரம் சித்தி பையன் வாட்ஸாப்பில் நாலு கம்ப்யூட்டர் கேபினெட் படங்களை அனுப்பி, "அக்கா, டிவிக்குக் கீழே வைக்க இதுல எது நல்லா இருக்கும்?" என்று கேட்டிருந்தான். நாலும் கறுப்பு, நாலும் அழகு, நாலும் பழைய ஆம்ப்ளிஃபயர் மாதிரி தட்டையாக, முன்பக்கம் வழவழவென்று. "உன் டிவி அலமாரி எத்தனை இஞ்ச் ஆழம்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் ராத்திரி "அளக்கணுமா?" என்று ஒரு வரி வந்தது. திட்டலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் 2019ல் நான் அடித்த கூத்து ஞாபகம் வந்துவிட்டது, அதனால் திட்டாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஸ்மார்ட் டிவி வந்த பிறகு ஹாலில் தனியாக ஒரு கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பவர்களோடு சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. வீட்டில் சேர்ந்திருந்த டிவிடிகளையும் ப்ளூ-ரேக்களையும் பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்திருக்கிறேன், அதையெல்லாம் கோடியில் போட்டு (பணக் கோடி இல்லை, 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்று பெயர் வைத்திருந்தார்களே, படமும் பாட்டும் ஓட்டும் அந்த மென்பொருள்) ரிமோட்டில் ஓட்டுகிறோம், சாயங்காலம் அத்தை பழைய பாட்டுக் கேட்கிறார். அவ்வளவுதான் உபயோகம்.

இந்த வேலைக்கென்றே கேபினெட் செய்த காலம் ஒன்று இருந்தது. விண்டோஸிலேயே படம், பாட்டு ஓட்ட மீடியா சென்டர் என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட் கொடுத்துக்கொண்டிருந்த நாட்கள். ஆன்டெக் ஃப்யூஷன் மாதிரி கேபினெட்டுகளில் முன்னால் எழுத்து ஓடும் டிஸ்ப்ளே, வால்யூமுக்குப் பெரிய திருகு எல்லாம் இருக்கும். அகலம் சொல்லி வைத்தாற்போல 43, 44 சென்டிமீட்டர், ஏனென்றால் ஹைஃபை ஆம்ப்ளிஃபயர்களின் அகலம் அதுதான், அதன் மேலேயோ கீழேயோ வைத்தால் ஜோடி மாதிரி இருக்க வேண்டும். 2015ல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரைத் தூக்கிவிட்டார்கள். அதற்குள் ஜனங்களும் கையடக்கப் பெட்டிகளுக்குப் போய்விட்டிருந்தார்கள், இந்த ரகம் செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள். சில்வர்ஸ்டோனின் கிராண்டியா வரிசை மாதிரி சிலது இன்னும் இருக்கிறது. எனக்கு முதலில் கண் போனது அதில்தான், ஜிடி09.

அளவைப் பாருங்கள்: அகலம் 440 மி.மீ., உயரம் 170, ஆழம் 358. எங்கள் ஹாலில் இருப்பது மாமனார் காலத்தில் ஆசாரி வீட்டுக்கே வந்து செய்து கொடுத்த ஷோகேஸ், தேக்கு, முன்னால் தள்ளுகிற கண்ணாடிக் கதவு. உள் ஆழம் 14 இஞ்ச், அதாவது 356 மி.மீ. இரண்டு மி.மீ. தானே உதைக்கிறது, பின்னால் இருக்கும் ப்ளைவுட்டை லேசாக இழைத்துவிடலாம் என்றுதான் முதலில் கணக்குப் போட்டேன். நல்லவேளை, வாங்குவதற்கு முன்னால் வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி அதே அளவில் ஒரு பொம்மை கேபினெட் செய்து பார்த்தேன். பின்பக்கம் ஒரு ஓட்டை போட்டு அதில் ஒரு எச்டிஎம்ஐ கேபிளையும் செருகினேன். அப்போதுதான் தெரிந்தது, பிளக்கின் நீளமும் அந்தத் தடித்த கேபிள் முறியாமல் வளைவதற்கு வேண்டிய இடமும் சேர்ந்து 65 மி.மீ. தனியாகக் கேட்கிறது. அட்டைப்பெட்டி ஷோகேஸிலிருந்து பாதி இழுத்த மேசை டிராயர் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. இவர் ஆபீஸிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "கொலுவுக்கு இன்னும் நாள் இருக்கே" என்றார்.

ஆகவே அலமாரி ஆழத்திலிருந்து 65 மி.மீ. கழித்துவிட்டுத்தான் கேபினெட் பார்க்கவே ஆரம்பிக்க வேண்டும். கடையின் அளவுப் பட்டியலில் இந்த 65 இருக்காது.

சரி, அட்டைப்பெட்டி செய்து பார்த்தவள் அதோடு புத்திசாலித்தனமாக நடந்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. அடுத்த சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், ஆழமும் உயரமும் சரியாக இருக்கிறதே என்று ஒரு ஸ்லிம் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மினி-ஐடிஎக்ஸ் ரகம். (மதர்போர்டு 170க்கு 170 மி.மீ. சதுரம், வியா நிறுவனம் 2001ல் கொண்டுவந்த அளவு, இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.) என் பிராசசர் ரைசன் 3 2200ஜி, கூடவே டப்பாவில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர், அதாவது பிராசசர் தலையில் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் ஃபேன். "இந்தக் கூலர் இதுல உட்காருமா?" என்று கேட்டேன். "எல்லாம் உட்காரும் மேடம், ஹோம் யூஸ்தானே" என்றார் கடைக்காரர். ஹோம் யூஸ் என்றால் கூலர் குள்ளமாகிவிடும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. அந்தக் கூலரின் உயரம் 54 மி.மீ. கேபினெட்டுக்குள் போர்டுக்கும் மேல்மூடிக்கும் நடுவில் கிடைத்தது 45. மூடியை வைத்து அழுத்தினால் ஃபேன் இறக்கை உரசி கிர்ரென்றது.

மறுபடி காசு கொடுத்து நாக்டுவாவின் என்ஹெச்-எல்9ஏ வாங்கினேன், மொத்த உயரமே 37 மி.மீ., அதில் 92 மி.மீ. ஃபேனின் கனம் 14. உட்கார்ந்தது. கேபினெட்டுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் கூலருக்கே போயிற்று. கேபினெட் வாங்கும்போது எல்லோரும் கேட்பது யுஎஸ்பி எத்தனை, நிறம் என்ன. கேட்க வேண்டியது கூலருக்கு எத்தனை மி.மீ. உயரம் கிடைக்கும் என்பதை. ஃப்ராக்டல் நோட் 202 என்று ஒரு ஒல்லியான கேபினெட் உண்டு, வெறும் 82 மி.மீ. உயரம், அதில் 56 மி.மீ. வரை கூலர் போகும். மேலே சொன்ன ஜிடி09ல் 138. அதே ஃப்ராக்டலின் நோட் 304 என்ற குண்டு டப்பாவில் 165 மி.மீ. இந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே அந்த கேபினெட் மே மாதத்தில் எப்படிக் கத்தப்போகிறது என்று பாதி தெரிந்துவிடும்.

மே மாதம் என்றேனே, அதுதான் இந்தக் கதையின் வில்லன். நான் படித்த ரிவ்யூ எல்லாம் குளிர் தேசங்களில் எழுதியது, அறையின் வெப்பம் 20, 22 டிகிரி என்று போட்டிருப்பார்கள். சென்னையில் ஏசி போடாத ஹால், மத்தியானம் 35 டிகிரி. பிராசசர் சூடு என்பது சுற்றியிருக்கும் காற்றின் சூட்டுக்கு மேல் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான். ஆகவே அவர்கள் 60 என்றால் நமக்கு எடுத்த எடுப்பில் 73, 75. இதோடு ஷோகேஸின் கண்ணாடிக் கதவையும் மூடிவிட்டால், கேபினெட் தான் துப்பிய சூடான காற்றையே மறுபடி உறிஞ்சிக்கொண்டு கிடக்கும். எங்கள் வீட்டில் டிசம்பரில் படம் ஓடும்போது 60ஐ ஒட்டி இருந்த சூடு மே மாதம் 80ஐத் தொட்டது, ஃபேன் நிமிஷத்துக்கு 1300 சுற்றிலிருந்து 2500க்குப் போய்விட்டது. ஃபேன் வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் கூடும், பத்து டெசிபெல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் மாதிரி கேட்கும். சண்டைக்காட்சியில் ஒன்றும் தெரியாது. இரண்டு பேர் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சியில் பின்னணியில் ஒரு மிக்ஸி தூரத்தில் ஓடுகிற மாதிரி கேட்குமே, அங்கேதான் எரிச்சல்.

கதவைத் திறந்து வைத்தேன். சூடு குறைந்தது, தூசி வந்தது. தூசி மட்டுமா?

ஒரு நாள் ராத்திரி படம் நடுவில் நின்று, லேசாக ஒரு நாற்றம். கருகிய நாற்றமா, வேறு எதுவுமா என்று சொல்ல முடியாத ஒன்று. மூடியைக் கழற்றினால் போர்டின் ஓரத்தில், பவர் கனெக்டருக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பல்லி விறைத்துக் கிடந்தது, வால் மட்டும் தனியாக இரண்டு அங்குலம் தள்ளி. எப்படி உள்ளே போயிற்று என்று பார்த்தால் தப்பு என்னுடையது. பின்பக்கம் கார்டு போடும் ஸ்லாட்டின் தகட்டை ஏதோ பார்க்கிறேன் என்று கழற்றியவள் திரும்ப மாட்டவே இல்லை. கதகதப்பான, இருட்டான, சின்னச் சின்னப் பூச்சி வந்துபோகும் ஒரு வீட்டை வாசல் திறந்து வாடகைக்கு விட்டிருக்கிறேன், பல்லி வராமல் என்ன செய்யும். போர்டு பிழைத்துக்கொண்டது. அத்தைதான், பல்லி செத்த வீடாயிற்றே என்று விளக்கேற்றி வைத்துவிட்டு, "அந்தப் பொட்டியை வெளிய தூக்கி வையேன்மா" என்றார். அன்றைக்கு நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அன்றிலிருந்து எந்த கேபினெட்டைப் பார்த்தாலும் முதலில் ஓட்டைகளைத்தான் பார்க்கிறேன். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை என்றால் குட்டிப் பல்லியும் நுழையும். காற்று உள்ளே வரும் பக்கத்தில் கழற்றிக் கழுவுகிற மாதிரி ஃபில்டர் இருக்கிறதா, அதை மொத்தத்தையும் பிரிக்காமல் வெளியே இழுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து நாலு ஸ்க்ரூ கழற்றினால்தான் ஃபில்டர் வரும் என்றால் நீங்கள் அதைக் கழுவப்போவதில்லை, நானும் கழுவவில்லை. ஃபில்டரே இல்லாத கேபினெட் என்றால் நைலான் கொசுவலைத் துண்டு ஒன்றை டபுள் டேப் வைத்து உள்பக்கம் ஒட்டிவிடலாம், காற்று கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

அப்புறம் ஃபேனே இல்லாத கேபினெட் மேல் ஆசை வந்தது. ஸ்ட்ரீகாம் எஃப்சி8 மாதிரி அலுமினியக் கட்டிகள். பிராசசரின் சூட்டைச் செப்புக் குழாய்கள் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கச் சுவரில் கொடுக்கும், கேபினெட்டே ஹீட் சிங்க். சத்தம் பூஜ்யம், தூசி கிட்டத்தட்ட பூஜ்யம், பார்க்க நகைப்பெட்டி மாதிரி இருக்கும். கோயம்புத்தூரில் தோழி ஒருத்தி இதைத்தான் வைத்திருக்கிறாள். நேரில் பார்க்கப் போனேன். அவள் அம்மா அதன்மேல் எம்ப்ராய்டரி போட்ட துணி ஒன்றை மடித்து விரித்து, மேலே ஒரு பித்தளைப் பிள்ளையாரையும் வைத்திருந்தார். டிவிக்கு, ஃபிரிட்ஜுக்கு, மிக்ஸிக்கு எல்லாம் துணி போடும் வீடுகளில் வளர்ந்தவர்கள்தானே நாம், வழவழவென்று தட்டையாக ஒன்று கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. துணிக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன், அப்போதுதான் ஆற்றிய காபி டம்ளர் சூடு. ஃபேன் இல்லாத கேபினெட்டுக்குச் சுற்றிலும், முக்கியமாக மேலே, காற்று தானாக எழும்பிப் போக இடம் வேண்டும், மூடிய அலமாரி அதற்குச் சமாதி. எங்கள் ஷோகேஸுக்கு அது ஆகாது என்று அங்கேயே புரிந்துவிட்டது, விலையைக் கேட்ட பிறகு இன்னும் நன்றாகப் புரிந்தது.

இத்தனைக்கும் பிறகு நான் வந்து சேர்ந்த இடம் என்னவென்றால், தப்பு கேபினெட்டில் இல்லை, ஷோகேஸில். சின்னதாக இருந்தால் அமைதியாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அப்படியே தலைகீழ். டப்பா சின்னதானால் ஃபேன் சின்னதாகும், சின்ன ஃபேன் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும். 80 மி.மீ. ஃபேனைவிட 120 மி.மீ. ஃபேனின் பரப்பு இரண்டேகால் மடங்கு. அது ஆடி அசைந்து சுற்றினாலே போதும்.

அத்தை சொன்னதைச் செய்தேன். பெட்டியை வெளியே எடுத்தேன். அதே மதர்போர்டு, அதே பிராசசர், கேபினெட் மட்டும் நோட் 304: 250 அகலம், 210 உயரம், 374 ஆழம். ஷோகேஸுக்குள் நுழையவே நுழையாது, நுழைய வேண்டிய அவசியமும் இல்லை. ஷோகேஸுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலையில், முன்பு ஃபோன் வைத்திருந்த குட்டி மர ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. 120 மி.மீ. ஃபேன் வைத்த ஒரு நெட்டைக் கூலர், 600 சுற்றுக்கு மேல் போவது அபூர்வம். இந்த மே மாதம் 70ஐத் தாண்டவில்லை. பார்க்க அழகா என்றால் இல்லை, ஏதோ ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறார்கள் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கேபினெட்டில் ஆறு ஹார்ட் டிஸ்க் போடலாம், நான் ஒன்றுகூடப் போடவில்லை. ஹார்ட் டிஸ்க்குகள் எல்லாம் படுக்கையறை மேசைக்கு அடியில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில், நடுவில் ஒரு லேன் கேபிள். 4கே ப்ளூ-ரே தட்டே விநாடிக்கு 150 மெகாபிட்டைத் தாண்டாது, விநாடிக்கு ஆயிரம் மெகாபிட் போகும் கிகாபிட் லேனுக்கு அது தூசு. ஹார்ட் டிஸ்க் சுற்றுகிற சத்தம், அதைவிட மோசமாக மரப்பலகையில் அது கொடுக்கிற அதிர்வு, இரண்டும் ஹாலைவிட்டுப் போயிற்று. கேபினெட் தேடும்போது எதையெல்லாம் உள்ளே வைக்கலாம் என்று யோசிப்போம், ஹாலைவிட்டு எதையெல்லாம் வெளியே அனுப்பலாம் என்று யோசித்தால் வேலை சுலபம். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா? படம் பார்க்க மட்டும் என்றால் வேண்டாம், 4கே படங்களைச் சுருக்கி வைக்கும் பத்து பிட் எச்.265 முறையைப் பிரித்து ஓட்டும் வேலையெல்லாம் இன்டெல்லில் 2017லேயே பிராசசருக்குள் வந்துவிட்டது. டிவிடி டிரைவ்? யுஎஸ்பியில் ஒன்று வாங்கி டிராயரில் போட்டு வையுங்கள். இந்த மூன்றையும் கழித்துவிட்டால் தேட வேண்டிய கேபினெட்டின் அளவே வேறு.

ரிமோட்டைப் பற்றி ஒன்று. அகச்சிவப்பு ரிமோட் என்றால் கண்ணாடி வழியாகப் போகும், அலுமினியத்தின் வழியாகப் போகாது, முன்பக்கம் முழுக்க உலோகமாக இருந்தால் ரிசீவரை யுஎஸ்பி கேபிளில் நீட்டி வெளியே வைக்க வேண்டும். என்னுடையது டிவிக்கு அடியில் டபுள் டேப்பில் ஒட்டியிருக்கிறது.

பவர் லைட்டைப் பற்றி இன்னொன்று. விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கும்போது அந்தச் சின்ன எல்ஈடி கண்ணைக் குத்துகிறது என்று நான் புலம்பிக்கொண்டே இருந்தேன், வயரைப் பிடுங்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பார்த்தால் அதன்மேல் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று. அத்தை வேலை. ஒன்று போட்டதில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கசிகிறது என்று மேலே இன்னொன்றும் ஒட்டியிருக்கிறார். திருஷ்டிக்கும் ஆச்சு என்றார்.

இதை முடிக்கப் போகும்போது சித்தி பையனிடமிருந்து பதில் வந்திருக்கிறது. அளந்துவிட்டானாம், பதினோரு இஞ்ச், சுவரோடு ஒட்டிய புது மாதிரி டிவி யூனிட். 280 மி.மீ. அதில் கேபிளுக்கு 65 போனால் மிச்சம் 215. அவன் அனுப்பிய நாலில் ஒன்றுகூட உள்ளே போகாது. உனக்கு கேபினெட்டே வேண்டாம்டா, என்100 பிராசசர் போட்ட குட்டிப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள், பிராசசரே 6 வாட்தான், ஏவி1 என்ற புது முறையில் சுருக்கிய படமும் ஓடும், ஹார்ட் டிஸ்க்கை ரூமில் வை, யூனிட்டின் பின்பலகையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போடச் சொல் என்று விலாவாரியாக எழுதி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. ரொம்ப நேரம் டைப் செய்துகொண்டிருந்தான்.

"கறுப்புல கிடைக்குமா அக்கா?"